கணக்கில் வராத பத்து ஆண்டுகள்

அத்தியாயம் 23: மயிலாடி

சென்ற வாரம் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரோடு நிறுத்தியிருந்தோம். 1809 பிப்ரவரி 10 அன்று கும்பினிப் படை அந்தச் சுவரைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கியது. வேலுத்தம்பி தளவாய் வடக்கே போய், மண்ணடிக் கோயிலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு மே மாதத்தில், அந்தச் சுவருக்குச் சில மைல் தெற்கே மயிலாடி என்ற சிற்றூரில் ஒரு வேதக்கோயிலுக்குக் கால்கோள் நடந்தது. செப்டம்பரில் பிரதிஷ்டை. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கட்டிய முதல் கோயில் அதுதான்.

மயிலாடி என்றால் இன்று பலருக்கும் சிற்பம்தான் நினைவுக்கு வரும். சாலையோரப் பட்டறைகளில் உளிச்சத்தம் ஓய்வதில்லை. பாதி முடிந்த நந்தியும் அம்மனும் வெயிலில் நிற்கும். சுசீந்திரம் கோயிலில் வேலை செய்த சிற்பிகளின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அங்கே உண்டு. மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊருக்கு வந்து சிலை வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கிருக்கும் கோயிலின் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ‘றிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம்’ என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துத் தாங்கி நிற்கிறது அந்தக் கோயில். முதல் பெயர் ஜெர்மானியருடையது. இரண்டாவது மயிலாடிக்காரருடையது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் என்ன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நம் பக்கத்துச் சபைகளின் ஆண்டுவிழா மலர் எதையாவது புரட்டியிருப்பீர்கள். முதலில் பேராயரின் வாழ்த்து. அடுத்து ஊழியம் செய்த போதகர்களின் பட்டியல், ஆண்டு வாரியாக. நடுவில் கோயிலின் வண்ணப்படம். கடைசிப் பக்கங்களில் விளம்பரம்: நகைக்கடை, பாத்திரக்கடை, பிறகு ‘இச்சபையின் ஆதிக் குடும்பம்’ என்ற தலைப்பில் யாரோ ஒரு முப்பாட்டனாரின் மங்கிய படத்தோடு அரைப்பக்கம். சபையின் உண்மையான வரலாறு அந்த அரைப்பக்கத்தில்தான் இருக்கும். அதைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். ஒரே மலரில் மூன்று ஆதிக் குடும்பங்கள் இருந்தால் அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மயிலாடியில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. ஆதிக் குடும்பம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் ஆண்டுக் கணக்கில்தான். கோயில் கட்டியதிலிருந்து எண்ணினால் 1809. அந்தக் கணக்கில் 2009-இல் இருநூறு நிறைந்தது. மிஷனரி வந்ததிலிருந்து எண்ணினால் 1806. அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று றிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து உள்ளே வந்தார். மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் கொண்டாடுவதில்லை. ஏனென்றால் அந்த ஆண்டில் மயிலாடியில் மிஷனரியும் இல்லை, கோயிலும் இல்லை. ஒரு வீடு மட்டும்தான் இருந்தது.

1799 வாக்கில் மயிலாடியிலிருந்து மகராசன் என்பவர் தம் மருமகனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு நடந்தார். நானூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் காலத்து வழியை நினைத்துப் பாருங்கள். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டிருந்தான். அக்டோபரில் கயத்தாற்றுச் சாலையோரம் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தஞ்சாவூரில் சரபோஜியின் கையில் கோட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கும்பினி எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டுதான். ராஜ்யங்கள் கைமாறிக்கொண்டிருந்த அந்தச் சாலையில், சோற்று மூட்டையோடு இரண்டு பேர் நடராஜரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மகராசன் சாம்பவர் குலத்தவர். திருநாளைப்போவார் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பயணத்தின் எடை உடனே புரியும். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இவர் அந்தக் கதையைக் காலால் நடந்து பார்த்தார். தில்லையில் அவருக்கு மனம் நிறையவில்லை என்பதில் வழிவழிச் செய்திகள் எல்லாம் ஒன்றுபடுகின்றன. கோயிலில் கண்ட காட்சிகள் அவருக்கு அருவருப்பைத் தந்தன என்று மிஷன் நூல்கள் எழுதும். கனவில் வெள்ளுடை தரித்த ஒருவர் தோன்றித் தெற்கே திரும்பிப் போகச் சொன்னார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். எழுதியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது, சொன்னவர்களுக்கு ஒரு பக்தி இருந்தது. இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நானூறு கிலோமீட்டர் நடந்து போய் வாசலுக்கு வெளியே நின்றவருக்கு மனம் நிறையாததற்குக் கனவைத் தேடிப் போக வேண்டுமா என்ன?

திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே அவரை வேதக்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். சுவார்ட்ஸ் ஐயர் இறந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. சபையை அப்போது நடத்தியவர் யோவான் கஸ்பார் கோல்ஹாப். தரங்கம்பாடியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தெருவில் விளையாடிக் கற்ற பாஷை. அந்தக் கோயிலிலும் வேளாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மகராசனுக்கு அங்கே கூரைக்குக் கீழே இடம் கிடைத்தது. அதே கூரைக்குள், அதே தமிழில் பிரசங்கம். சில காலம் தங்கிக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தலைமுறையில் ஞானஸ்நானப் பெயர்கள் பெரும்பாலும் தமிழாகவே இருந்தன: வேதமாணிக்கம், மாசிலாமணி, ஞானாபரணம், அருமைநாயகம், தேவசகாயம். ஜானும் ஜார்ஜும் பின்னால் வந்தவர்கள். இந்தப் பெயர்களில் ஒரு வசதி உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம் என்பதால், ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்ட ஊர்களில் இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே ஐந்தாறு தலைமுறை மேலே போய்விடலாம். பெண்கள் வழி மட்டும் அறுந்து போகும். வேதமாணிக்கத்தோடு சிதம்பரம் போனவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. அவர் திரும்பி வரும்வரை வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் யார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கோல்ஹாப் கொடுத்த தமிழ்ப் புத்தகங்களோடு வேதமாணிக்கம் ஊர் திரும்பினார். நம் கணக்கில் வராத பத்து ஆண்டுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஐயர் இல்லை, உபதேசியார் இல்லை, மணி இல்லை. வீட்டாரையும் உறவினரையும் உட்கார வைத்து வேதமாணிக்கமே புத்தகத்தை வாசித்துச் சொன்னார். குடும்பத்தின் சாமி இருந்த இடத்திலேயே ஜெபம் நடந்தது என்பார்கள். முதலில் உறவுக்காரர்கள், பிறகு அக்கம்பக்கத்தார். கூட்டம் கூடக் கூட எதிர்ப்பும் கூடியது. எதிர்த்தவர்கள் வெறும் சாமிக்காக எதிர்த்தார்கள் என்று நினைத்தால் அன்றைய திருவிதாங்கூரைப் புரிந்துகொள்ள முடியாது. இடுப்புக்கு மேலே துணி கூடாது. குடை கூடாது. செருப்பு கூடாது. தலைக்கு வரி. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் கூலியில்லாத ஊழியம். அதற்கும் கீழே, நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். இந்த அடுக்கில் கீழ்ப்படியில் இருந்த ஒருவர் புத்தகம் வாசிக்கிறார், நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசுகிறார் என்பதே மேல்படிக்காரர்களுக்குப் போதுமான குற்றம்.

எல்லைக்கு அந்தப்புறம், நெல்லைச் சீமையில், இதே தொல்லைக்கு வேறொரு வழி கண்டிருந்தார்கள். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் கும்பினிக் கேப்டன் ஒருவரின் உதவியோடு நிலம் வாங்கி, அடிபட்ட குடும்பங்களை அங்கே குடியேற்றி முதலூர் என்று பெயர் வைத்தார். (முதலூரைப் பற்றி ஒன்பதாம் அத்தியாயத்தில் பார்த்தோம்; அல்வாவைப் பற்றி அளவுக்கு மேலேயே எழுதிவிட்டேன் என்று கடிதங்கள் வந்தன.) மயிலாடிக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. ராஜ்யம் வேறு, சட்டம் வேறு, கைகொடுக்கக் கேப்டனும் கிடையாது. குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கமே போய்விடலாமா என்று வேதமாணிக்கம் யோசித்ததாகச் சொல்கிறார்கள். போயிருந்தால் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அவர் போகவில்லை. மறுபடியும் கிழக்கே நடந்து, எங்களுக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் தரங்கம்பாடியில் ஒருவர் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். வில்லியம் தோபியாஸ் றிங்கல்தௌபே. இந்தப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் கழுத்தில் வளையமிட்ட காட்டுப்புறா என்று பொருள். சீகன்பால்குவைப் போல இவரும் ஹாலேயில் படித்தவர். ஏற்கெனவே ஒரு முறை கல்கத்தா வரை வந்து, மனம் ஒட்டாமல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர். இரண்டாம் முறை லண்டன் மிஷன் சங்கம் அனுப்ப, 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். உடன் வந்தவர்கள் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். இவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. இந்த நிலையில்தான் மயிலாடியின் அழைப்பு அவர் காதுக்கு எட்டுகிறது. தம் கடிதங்களில் ஊர்ப் பெயரை ‘மகிலாடி’ என்று எழுதுகிறார். வாயால் சொன்னதைக் காதால் வாங்கி எழுதிய பெயர் அது. மிஷனரி ஊரைத் தேடி வந்த கதையாக இதைச் சொல்கிறார்கள். நடந்ததைப் பார்த்தால் ஊர்தான் மிஷனரியைத் தேடிப் போயிருக்கிறது.

1806-இல் பாளையங்கோட்டையைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு, கணவாய் வழியே இந்தப் பக்கம் வந்தார். நேரே திருவனந்தபுரத்துக்குப் போய் ரெசிடெண்ட் காலின் மெக்காலேயைப் பார்த்தார். நம் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவந்ததாகத் திட்டும் பாராட்டும் வாங்கும் மெக்காலேக்கு இவர் பெரியப்பா முறை. ரெசிடெண்ட் பரிந்து பேசினார். திவானாக இருந்த வேலுத்தம்பி இசையவில்லை. வந்த சில மாதங்களில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். அதன் பிறகு மிஷனரி என்றாலே கும்பினி அதிகாரிகளே தயங்கினார்கள். மூன்று ஆண்டு மயிலாடிச் சபை மறுபடியும் கூரையில்லாமல் ஓடியது. றிங்கல்தௌபே வருவார், ஞானஸ்நானம் கொடுப்பார், பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடுவார். இடைப்பட்ட நாட்களில் யார் நடத்தினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலுத்தம்பி மறுத்ததை மிஷன் நூல்கள் மதவெறியாகவே காட்டின. எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. ரெசிடெண்ட்டின் சிபாரிசோடு வருகிற எதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார், அந்தச் சந்தேகம் தவறில்லை என்பதை அடுத்த மூன்று ஆண்டுகள் காட்டின. 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டுப் போருக்கு எழுந்தார், தோற்றார். தோற்றதும் உம்மிணித்தம்பி திவானானார். மெக்காலே சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாமல் போயிற்று. மயிலாடிக்கு அனுமதி கிடைத்தது. வேலுத்தம்பி பிறந்த தலக்குளமும் மயிலாடியும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு நினைவிடம், இங்கே ஒரு நினைவாலயம். ஒருவர் வீழ்ந்ததால் மற்றவர் கோயில் எழும்பியது என்பதை ஆண்டுவிழா மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம். ஆனால் குடை பிடிக்க உரிமையில்லாத ஒருவரிடம் போய், உங்கள் ராஜ்யத்தின் சுதந்திரம் பறிபோன ஆண்டில் கோயில் கட்டினீர்களே என்று கேட்டால், அது யாருடைய ராஜ்யம் என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

கோயில் எழும்பியதும் கூட்டம் பெருகியது. நாடார் குடும்பங்கள் அலையலையாக வந்தன. தாமரைக்குளம், புத்தளம், பிச்சைக்குடியிருப்பு, ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி என்று சிறு சிறு சபைகள் முளைத்தன. மயிலாடியில் பள்ளிக்கூடமும் தொடங்கியது. றிங்கல்தௌபேவுக்கு இதில் மகிழ்ச்சியை விட சந்தேகமே அதிகம். தலைவரியிலிருந்து தப்பலாம், ஊழியத்திலிருந்து தப்பலாம், வழக்கில் துரை வந்து பேசுவார் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலோர் என்று அவர் கடிதங்களில் கசப்போடு எழுதினார். வழக்குகளில் தலையிட மறுத்தார், ஞானஸ்நானத்துக்குக் காக்க வைத்தார்.

அவர் கணிப்பு தவறல்ல. ஆனால் அதை இழுக்காக நினைத்ததுதான் தவறு என்பது என் எண்ணம். தலையில் ஏற்றிய வரியை இறக்கி வைக்க ஓர் இடம் தேடி ஒருவர் வருகிறார் என்றால், அந்தத் தேடல் ஆன்மிகத்துக்கு எந்த வகையில் குறைந்தது? ரெசிடெண்டாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஊழியத்திலிருந்து விலக்கு வந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற உத்தரவும் அப்போதுதான். அந்தக் குப்பாயத்துக்காக 1859 வரை எத்தனை ரத்தம் சிந்த வேண்டியிருந்தது என்பதைத் தனியாகப் பார்ப்போம்.

றிங்கல்தௌபேயின் கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சங்கம் அனுப்பிய சம்பளத்தை உபதேசியார்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டு, நாட்டுத் துணியும் வைக்கோல் தொப்பியுமாகத் திரிந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சில காலம் உதயகிரிக் கோட்டையிலும், பிறகு மயிலாடியிலும் குடியிருந்தார். நாட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்னை வழியாகப் போனபோது, கடற்பயணத்துக்கு ஒரு கோட்டுக்கூட இல்லாமல் வந்து நின்றார் என்று அங்கிருந்த ஆங்கிலேயப் பாதிரியார் வியந்து எழுதினார். பின்னால் அவர் கடிதங்களைத் தொகுத்தவர் நூலுக்கு வைத்த பெயரே ‘றிங்கல்தௌபே ரிஷி’ என்பதுதான். பொருத்தம்தான், ஆனால் ரிஷிக்குரிய கோபமும் அவரிடம் இருந்தது. யாரோடும் ஒத்துப்போகிற ஆள் இல்லை. ஒத்துப்போன ஒரே ஆள் வேதமாணிக்கம் என்று நினைக்கிறேன்.

உடல் நலம் கெட்டது. ஈரல் கோளாறு என்றார்கள். பத்து ஆண்டு முடியும் முன்பே புறப்பட முடிவு செய்தார். மாற்று மிஷனரி யாரும் வரவில்லை. சபைகள், பள்ளிக்கூடங்கள், உபதேசியார்கள் எல்லாவற்றையும் வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். கொழும்பிலிருந்து கடலேறியவரைப் பற்றி 1816-க்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எந்தக் கடல், எந்தக் கப்பல் என்று தேடியவர்கள் பலர். கல்லறை என்று காட்ட ஓர் இடம் கிடையாது. மயிலாடிக் கோயில் பெயரில் அவர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது மறுபடியும் அதே காட்சி. ஐயர் இல்லை. கோயிலும் மணியும் மட்டும் கூடியிருக்கின்றன. லண்டன் மிஷனின் கணக்குப் புத்தகத்தில் இது ‘மிஷனரி இல்லாத இடைவெளி’. மயிலாடியின் கணக்கில் இடைவெளி எதுவும் விழவில்லை. வேதமாணிக்கம் ஊர் ஊராகப் போய்வந்தார், உபதேசியார்களைப் பார்த்துக்கொண்டார், வயதும் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய உறவினர்களும், அவர் வீட்டுத் திண்ணையில் எழுத்துக் கற்றவர்களும் சபைகளைத் தாங்கினார்கள். ஆதிக் குடும்பம் என்றால் முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். யாரும் இல்லாத நாட்களில் கதவைத் திறந்து வைத்த குடும்பம் என்று எண்ணினால் மலரில் அரைப்பக்கம் போதாது.

1818-இல் சார்லஸ் மீட் வந்து சேர்ந்தார். முதலில் வந்த இடம் மயிலாடிதான். வேதமாணிக்கம் பொறுப்பை ஒப்படைத்தார். ஆனால் மீட் மயிலாடியில் தங்கவில்லை. மன்றோவின் சொல்லைக் கேட்டு ராணி கௌரி பார்வதிபாய் நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், நெல்வயல் வாங்க 5000 ரூபாயும் கொடுத்திருந்தார். மிஷன் அங்கே குடிபெயர்ந்தது. மயிலாடியின் பையன்கள் படித்துக்கொண்டிருந்த செமினரியும் பின்னாலேயே போயிற்று. இன்று அதற்கு ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர். அச்சுக்கூடமும் நாகர்கோவிலுக்குத்தான் வந்தது. பத்தாண்டு தலைமையிடமாக இருந்த மயிலாடி, மற்ற ஊர்களைப் போல ஒரு சபையாகிவிட்டது.

1819 ஜனவரி 1 அன்று நாகர்கோவிலில் ஒரு பெரிய கற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல் இழுக்க யானை வந்தது, அது அரண்மனை யானை என்பார்கள். அடுத்த வாரம் அந்த யானைக்குப் பின்னால் போவோம்.